மாநில எல்லைத் தகராறைக் காணி உறுதி போல வாசிப்பது எப்படி?

கொக்குவிலில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். சமஷ்டி என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணத்தைக் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். அந்தச் சமஷ்டிக்குள் இரண்டு மாநிலங்கள் ஒரே நிலத்தை எனது என்று சொன்னால் யார் தீர்ப்பது என்று கேட்டால் வகுப்பே பேசாமல் இருக்கும். 1949 இல் தமிழரசுக் கட்சி தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சொல் புழங்கும் ஊர் எங்களுடையது. அந்தக் கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக வளர வேண்டும். நான் வகுப்பில் கையாளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

அப்பா நொத்தாரிசு. அவருடைய மேசைக்குப் பக்கத்தில் இருந்து உறுதி வாசிக்கப் பழகியவள் நான். மாநில எல்லையையும் அப்படித்தான் வாசிக்கச் சொல்வேன்.

முதலில் இரண்டு பக்கத்து உறுதிகளையும் எடுங்கள். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, நான்கு எல்லையும் என்ன என்று கொப்பியில் எழுதுங்கள். அதற்கு முன் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. அமெரிக்காவில் கனெக்டிகட், பென்சில்வேனியா என்ற இரண்டு மாநிலங்களும் எனது என்று சொன்ன வயோமிங் பள்ளத்தாக்கை எடுத்துப் பாருங்கள். சஸ்குவேஹனா ஆற்றங்கரை, நல்ல விளைநிலம். கனெக்டிகட்டின் பட்டயம், அதாவது மன்னர் நிலத்தைக் கொடுத்து எழுதிய பத்திரம், 1662 இல் எழுதியது. மேற்கே கடல் வரைக்கும் உனக்கு என்கிறது. பென்சில்வேனியாவின் பட்டயம் 1681 இல் எழுதியது. அதே பள்ளத்தாக்கை உள்ளடக்குகிறது. இரண்டையும் கொடுத்தவர் ஒரே மன்னர், இரண்டாம் சார்ள்ஸ். ஒரு காணியை ஒருவரே இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளக்கம் இல்லாமலே விளங்கும்.

அடுத்தது, எழுத்தை நிலத்தில் வைத்துப் பாருங்கள். உறுதியில் 'கிழக்கு ஒழுங்கை' என்று இருக்கும். போய்ப் பார்த்தால் ஒழுங்கை பத்தடி தள்ளி ஓடும். ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் இடையில் வந்த டொலிடோ தகராறு இந்த வகைதான். 1787 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மிச்சிகன் ஏரியின் தென் முனையிலிருந்து நேர் கிழக்கே கோடு போடச் சொன்னது. அந்தக் காலத்து வரைபடத்தில் ஏரியின் முனை இருக்க வேண்டிய இடத்துக்கு வடக்கே இருந்தது. சரியாக அளந்தபோது டொலிடோ இருக்கும் இடம் மிச்சிகன் பக்கம் விழுந்தது. பிள்ளைகளிடம் அடிமட்டத்தைக் கொடுத்து அவர்களையே கோட்டைப் போடச் சொல்லுங்கள். பாடசாலை அட்லஸ் இதற்குப் போதாது, அதில் வித்தியாசம் மயிரிழை அளவுதான் தெரியும். பெரிய வரைபடம் ஒன்று தேடிக்கொள்ளுங்கள். வரைபடத்தை நம்பிப் போட்ட கோட்டுக்கும் அளந்து போட்ட கோட்டுக்கும் இடையில் விழுந்த துண்டு 468 சதுர மைல் அளவானது. எங்கள் யாழ் மாவட்டத்தைவிடச் சற்றுப் பெரியது என்று சொன்னதும் பின்வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான்.

ஏன் அந்த நேரத்தில் சண்டை வந்தது என்பதையும் கேட்க வேண்டும். மோமி ஆறு ஈரி ஏரியில் விழும் இடத்துக்குக் கால்வாய் ஒன்று வரவிருந்தது. வந்தால் அங்கே துறைமுகம் செழிக்கும். 1835 இல் இரண்டு பக்கமும் படை திரட்டியது அதனால்தான்.

இனி நான் சொல்லப் போவதை அவசரப்பட்டுக் கடக்க வேண்டாம். ஆளும் உரிமை வேறு, காணி உரிமை வேறு. 1782 டிசம்பர் 30 இல் ட்ரென்டன் நகரில் நடுவர்கள் ஒருமனதாக வயோமிங் பென்சில்வேனியாவுக்கே என்றார்கள். கனெக்டிகட் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் கனெக்டிகட்டிலிருந்து வந்து அங்கே காடு வெட்டி வீடு கட்டியிருந்த குடும்பங்களின் உறுதி செல்லுமா செல்லாதா என்பது தீரவில்லை. 1784 இல் அவர்களை வீட்டை விட்டுத் துரத்தினார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது. காணியை முறைப்படுத்தும் சமரசச் சட்டம் 1799 இல்தான் வந்தது. எங்கள் வீட்டு வேலி வழக்கிலும் இதையே பார்த்தேன். தீர்ப்பு கதியால் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது. பொதுக் கிணற்றுப் பங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. வழக்கில் வென்ற அம்மா, பல வருடம் அடுத்த ஒழுங்கையில்தான் தண்ணீர் அள்ளினார். ஆகவே எந்த எல்லைத் தீர்ப்பை வாசித்தாலும், கோட்டுக்கு உள்ளே ஏற்கெனவே இருந்த குடும்பத்துக்கு என்ன ஆனது என்று தேடுங்கள். விடையில் அதற்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள்.

பிறகு நடுவர் யார் என்று பாருங்கள். டொலிடோவைத் தீர்த்தது நீதிமன்றம் அல்ல, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். ஒஹாயோ மாநிலம், அதற்கு அங்கே வாக்கு இருந்தது. மிச்சிகன் அப்போது இன்னும் மாநிலம் ஆகாத வெறும் பிரதேசம், அதற்கு வாக்கு இல்லை. 1836 இல் துண்டு ஒஹாயோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு வடக்கே மேல் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி கிடைத்தது. ஒன்றுக்கும் உதவாது என்று அன்று பலர் நினைத்த அந்த நிலத்தில் பின்னால் செம்பும் இரும்பும் எடுத்தார்கள். அமெரிக்க யாப்பில் ஒரு மாநிலத்தின் நிலத்தைப் பிரித்துப் புது மாநிலம் ஆக்க அந்த மாநிலச் சட்டசபையின் சம்மதம் வேண்டும். இந்திய யாப்பின் 3 ஆம் உறுப்புரை அப்படி இல்லை. மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், எல்லையை நாடாளுமன்றமே மாற்றலாம். எனக்கு இந்த இரண்டில் முதலாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் சம்மதம் கட்டாயமாக இருந்திருந்தால் 1956 இல் இந்திய மாநிலங்களை மொழிவழியாகத் திருத்தியிருக்க முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் உண்டு, அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்லித்தான் இப்போது படிப்பிக்கிறேன்.

நடுவர் இருந்தும் முடியாத வழக்குகளும் உண்டு. இந்தியாவில் கர்நாடகத்திடம் இருக்கும், மகாராஷ்டிரம் எனது என்று சொல்லும் பெல்காம் பற்றி மகாஜன் ஆணைக்குழு 1967 இல் அறிக்கை கொடுத்தது. மகாராஷ்டிரம் அதை ஏற்கவில்லை, 2004 இல் உச்ச நீதிமன்றம் போனது.

பயிற்சிக்குத் திருத்தணியை எடுங்கள். ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் நடுவராக இருந்த படாஸ்கர் என்பவர், கிராமத்தை அலகாக வைத்து, மொழியும் நிலத்தொடர்ச்சியும் பார்த்துப் பிரித்தார். 1960 ஏப்ரல் 1 இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. வகுப்பில் கற்பனைக் கிராமங்கள் பத்தைப் பலகையில் வரைந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வீட்டில் எந்த மொழி என்று எழுதி, பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். போட்டு முடிந்ததும் கோட்டின் மேலேயே விழுந்த கிராமத்தில் ஒரு பிள்ளையைக் குடியிருத்துங்கள். நாளைக்கு உறுதி பதிய எந்தக் கந்தோருக்குப் போவாய், மகளை எந்த மொழிப் பள்ளியில் விடுவாய், வாய்க்கால் தண்ணீருக்கு யாரிடம் கேட்பாய் என்று மற்றவர்கள் அந்தப் பிள்ளையிடம் கேட்கட்டும்.