தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வருகிறவர்களே, பழைய ஸ்கேன் டிஸ்கை விட்டுவிட்டு வராதீர்கள்

விசா, வங்கிக் கணக்கு, வாடகை வீடு எல்லாம் கம்பெனியிலேயே சொல்லித் தருவார்கள். மெடிக்கல் எய்டில், அதாவது இங்குள்ள மருத்துவக் காப்பீட்டில், உடனே சேருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை பணம் தராமல் இருக்க அவர்களுக்குச் சட்டமே இடம் தருகிறது.

இனி முக்கியமான விஷயம். வீட்டில் யாராவது புற்றுநோய்க்குக் கீமோ எடுத்திருந்தால், கீமோவுக்கு முன்னால் எடுத்த சிடி ஸ்கேனை டிஸ்கில் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஃபிலிம் போதாது.

அத்தானுக்கு மதுரையில் பெருங்குடலில் ஆபரேஷன், அப்புறம் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். அக்காவும் அவரும் என்னிடம் வந்த ஆறாம் மாதம் கல்லீரலில் கட்டி தெரிந்தது. வெட்டி எடுக்கலாம் என்ற டாக்டர் பழைய படத்தைக் கேட்டார். பீரோ மேல் பத்திரப்படுத்தியிருந்த பெரிய கவரை நீட்டினேன். அதில் அளக்க முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார்.

அந்த மருந்து கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கக்கூடும். அப்படிக் கெட்டால் ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்கும். கீமோவுக்கு முன்னும் பின்னும் மண்ணீரலை அளந்து பார்த்தால், வெட்டிய பிறகு கல்லீரல் தாங்குமா என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். நல்ல கல்லீரலில் 20 சதவீதம் மிஞ்சினால் போதும். நிறைய கீமோ பார்த்த கல்லீரலுக்கு 30 வேண்டும். அத்தானுக்கு மிஞ்சுவது 26 என்று கணக்கு வந்தது. மண்ணீரலும் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே பெரிதா, மருந்தால் வீங்கியதா? பழைய ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று ஒரே சொல். மதுரைக்குப் போன் போட்டால், படங்களை அழித்துவிட்டோம் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

டாக்டர் துணியவில்லை. கல்லீரலின் ஒரு பக்கம் போகும் ரத்தக் குழாயை அடைத்து, மறுபக்கம் வளரட்டும் என்று ஆறு வாரம் காக்க வைத்தார். அக்கா தூங்கவேயில்லை. மறு ஸ்கேன் எடுத்த பெண்ணின் பெயர்ப்பட்டையில் பிள்ளை என்று இருந்தது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களின் வழி. தமிழ் பேச வராது. ஆனால் அத்தானை ‘மாமா’ என்று கூப்பிட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊரில் ஸ்கேன் சென்டருக்குப் போனால் ‘டைகாம் படங்கள் முழுசாக வேண்டும்’ என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் திறந்து அளக்கக்கூடிய அசல் ஸ்கேன் கோப்புகள்தான் அவை. வாட்ஸ்அப் போட்டோ உதவாது. டிஸ்க் திறக்கிறதா என்று அங்கேயே போட்டுப் பார்த்து, பென் டிரைவிலும் ஒன்று ஏற்றி, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.