புற்றுநோய், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு: உடம்பிலும் பணத்திலும் நாம் செய்யும் தவறுகள்

அம்மாவின் சிறுநீரகத்தை எனக்குப் பொருத்திப் பதினோரு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது லேப் வரிசையில் ஒரு புதுமுகமாவது இருக்கும். போன தடவை விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். விடியற்காலை பஸ் பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "மாத்திரை போட்டாச்சா?" என்று சிஸ்டர் கேட்டார். "பஸ்லயே கரெக்டா போட்டுட்டேன் சிஸ்டர்" என்றார் அவர். அன்றைக்கு அவருக்கு டாக்ரோ லெவல் பார்க்க முடியாமல் போய்விட்டது. மறுநாள் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் ஓர் இரவு தங்க வேண்டும். கூட வந்த அவர் அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

டாக்ரோ என்பது டாக்ரோலிமஸ், புது உறுப்பை உடம்பு எதிர்க்காமல் இருக்கப் போடும் மாத்திரை. ரத்தத்தில் அதன் அளவு பார்ப்பதற்கு, முந்தைய இரவு போட்ட மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டாக்டர் டோஸைக் குறைத்துவிட்டால், புது உறுப்பை உடம்பு எதிர்க்க ஆரம்பித்துவிடலாம். மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள், ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு இட்லியும் எடுத்துப் போங்கள், வரிசை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது.

அந்தத் தம்பியிடம் இதை யாரும் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு நூறு விஷயத்தோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு நம் காதில் விழுவது ஒரே வார்த்தைதான்: 'முடிஞ்சுது'. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே சொல்வார்கள். கீமோ முடித்தவர்களுக்கும், கரண்டு (கதிர்வீச்சு) வைத்து முடித்தவர்களுக்கும் இதே கதைதான். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த தவறுகளில் பாதி, அந்த 'முடிஞ்சுது'வை நம்பியதால் வந்தவை. மீதிப் பாதி, நமக்கு என்ன நடந்தது என்று அடுத்தவரிடம் சொல்லாமல் மறைத்ததால் வந்தவை.

கேட்காமல் போட்ட ஒரு மாத்திரை

எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளுக்கு ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவின் எல்லை மிகவும் குறுகியது. கொஞ்சம் ஏறினால் சிறுநீரகத்துக்கே விஷம், கொஞ்சம் இறங்கினால் உறுப்பு போய்விடும். அதனால் மற்றவர்களுக்குச் சாதாரணமான மாத்திரை நமக்குச் சாதாரணம் இல்லை. சளிக்கும் தொண்டைவலிக்கும் தரும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரும் புளுகோனசோல், இட்ராகோனசோல் எல்லாம் டாக்ரோ அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் அதை வேகமாக இறக்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் "ஜுரத்துக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை நேராகவே அடிக்கும்.

நிலவேம்புக் கஷாயத்தையோ வேறு மூலிகைப் பொடியையோ நான் குறை சொல்லவில்லை. அவை இந்த மாத்திரைகளோடு சேர்ந்து என்ன செய்யும் என்று கொடுப்பவருக்கே தெரியாதபோது, சோதனைக்கு நம் உடம்பைக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். டாக்ரோலிமஸ் போடுபவர்களிடம் அதைத் தவிர்க்கத்தான் சொல்வார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை எல்லாம் வெளியே போய்விடும், அளவு குறையும் என்று நினைப்போம். உண்மையில் டாக்ரோ அளவு ஏறத்தான் செய்யும், உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறும். நாலைந்து தடவை போனாலே ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். ஜுரமும் அப்படித்தான், 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்பது நமக்கானதல்ல.

இளம்பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டயாலிசிஸ் காலத்தில் நின்றுபோன மாதவிடாய் மாற்று சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வரும், கருவும் தங்கும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளில் ஒன்றான மைகோபினோலேட் கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்தானது. கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே டாக்டர் அதை வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டும். அதுவரை கருத்தடை அவசியம். மாமியார் முன்னால் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

மாத்திரைக் கம்பெனியை மாற்றுவது பற்றி. கடைக்காரர் "அதே மருந்துதான் சார், இது விலை கம்மி" என்று மாற்றிக் கொடுப்பார். டாக்ரோலிமஸில் அப்படி மாற்றக் கூடாது. மாற்றுவதென்றால் டாக்டருக்குத் தெரிந்து மாற்றி, அப்புறம் லெவல் பார்க்க வேண்டும். அதற்காக ஜெனரிக் என்றாலே மட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்து நோவார்ட்டிஸின் கிளிவெக் என்ற பெயரில் மாதம் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. அந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. இன்றைக்கு அந்த மாத்திரையோடு வேலைக்குப் போய்வரும் எத்தனையோ பேருக்கு அந்தத் தீர்ப்புதான் உயிர்.

பெரியம்மாவின் பல்

பெரியம்மாவுக்கு வெற்றிலை, புகையிலைப் பழக்கம். கன்னத்தில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, கரண்டும் வைத்தார்கள். நாலு வருஷம் நன்றாக இருந்தார். ஒருநாள் கடைவாய்ப் பல் ஆடியது. பக்கத்துத் தெருப் பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். கரண்டு வைத்ததை அவரிடம் சொல்லவில்லை. 'அந்த நோய்' வந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பது வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு, பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பிடுங்கிய இடம் ஆறவே இல்லை. வாரங்கள் போய் மாதங்கள் ஆகி, ஈறுக்கு நடுவில் எலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்தது. கஞ்சி குடிக்கும்போதும் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொள்வார்.

கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அங்கே பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். இந்த ஆபத்து ஒரு வருஷத்திலோ ஐந்து வருஷத்திலோ தீருவதில்லை, ஆயுள் முழுக்க இருக்கும். அதனால்தான் கெட்டுப்போன பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுக்கச் சொல்கிறார்கள். பிறகு எச்சில் குறைவதால் பல் சொத்தையாவதும் வேகமாக நடக்கும். ஃபுளோரைடு பேஸ்ட், அடிக்கடி தண்ணீர், வாய் திறக்கும் பயிற்சி இவற்றை விடக் கூடாது. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்தில் கரண்டு வைத்தவர்களுக்குப் பல வருஷம் கழித்துத் தைராய்டு குறையலாம். சோர்வும் எடையும் கூடும்போது 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறோம். வருஷத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தால் தெரிந்துவிடும்.

சிவப்பு நிறத்தில் ஏறிய கீமோ உங்களுக்கு நினைவிருந்தால், அது அநேகமாக டாக்ஸோரூபிசின். அது வருஷங்கள் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும், முன்பு என்ன கீமோ எடுத்தீர்கள் என்று இதய டாக்டரிடம் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் தருவார்கள். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நடுவில் நிறுத்துவது பெரிய தவறு. அந்த மாத்திரை போடும் காலத்தில், மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு தென்பட்டால் உடனே காட்டுங்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் கையில் காகிதம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த என் ஃபைல் ஊறி, மை கரைந்து, பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் தங்கை எப்போதோ போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி, கீமோ மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், கதிர்வீச்சு எங்கே எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற விவரம், இவ்வளவையும் படம் எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள். ஃபைல் மேல்தட்டில் இருக்கட்டும்.

பணம்

ஆபரேஷனுக்குப் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, பதினெட்டாவது மாத மாத்திரைக்குப் பணம் எங்கே என்று யோசிக்கத் தெரியவில்லை. நகை அடகு, சீட்டு எடுத்தது, ஊரில் கொடுத்தது எல்லாம் ஆபரேஷன் பில்லோடு கரைந்துவிடுகிறது. காப்பீடும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதச் செலவைத் தருவார்கள், அதற்கு மேல் மாதாமாதம் வாங்கும் மாத்திரை நம் பையிலிருந்துதான். அது வீட்டு வாடகை மாதிரி, ஆயுளுக்கும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் மாற்று சிகிச்சைக் கோஆர்டினேட்டரிடம் மாத மாத்திரைச் செலவு எவ்வளவு என்று கேட்டு, ஒரு வருஷத் தொகையைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு மீதியைக் கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் அரசு மருத்துவமனையை முதலிலேயே யோசியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை உண்டு, உறுப்பு மாற்றும் புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடக்கம். அரசு மருத்துவமனையில் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் அங்கேயே மாத்திரையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பணம் முடையான மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடுபவர்களை எனக்குத் தெரியும். உடம்பில் எதுவும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. கிரியாட்டினின் ஏறுவது தெரியும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும். மாத்திரையைக் குறைக்கும் முன் டாக்டரிடம் "இந்த மாசம் முடியல சார்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அவருக்கு வழிகள் தெரியும்.

மருத்துவக் காப்பீட்டை நடுவில் விட்டுவிடாதீர்கள். "கிளைம் வாங்கியாச்சு, இனி எதுக்குப் பிரீமியம்" என்று விட்டவர்கள் புதிதாக எடுக்கப் போனால் பல கம்பெனிகள் கதவையே திறக்காது. கிளைம் வாங்கினீர்கள் என்பதற்காக ரினியூவலை மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வருஷப் பிரீமியத்துக்குக் கெடு தாண்டி 30 நாள் அவகாசமும் உண்டு. வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் ரினியூவல் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். புது பாலிசி கிடைத்தால் பழைய நோயை மறைக்காதீர்கள், ஏஜென்ட் "போட வேண்டாம் சார்" என்று சொன்னாலும். 2024 முதல், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்து எடுத்த பாலிசி, முதல் ஐந்து வருஷத்துக்குள் எந்தக் கிளைமிலும் காலை வாரிவிடலாம். நியாயமில்லாமல் மறுத்தால், மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணமோ வக்கீலோ தேவையில்லை.

வேலையை அவசரப்பட்டு ராஜினாமா செய்வது இன்னொரு தவறு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ள எத்தனையோ பேருக்கு, புற்றுநோய்க்கும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கும் நீட்டிக்கப்பட்ட நோய்ப் பயன் உண்டு என்றே தெரியாது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கிடைக்கும். வேலையை விட்டுவிட்டால் அதுவும் போகும், கம்பெனி காப்பீடு இருந்தால் அதுவும் போகும். ரயிலில் புற்றுநோயாளிக்கு சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரிச் சான்றிதழ் போதும். பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுபவர்கள் இத்தகைய நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான, 80டிடிபி என்று பழகிய வரிக் கழிவையும் மறக்க வேண்டாம்.

கொடுத்தவர்

இது என் வீட்டுத் தவறு. எனக்கு வலி மாத்திரை கூடாது என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு பூஜை அலமாரியில் தீப்பெட்டி தேடியபோது, விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால் டைக்ளோஃபெனாக் அட்டைகள் இருந்தன, பாதி தீர்ந்த நிலையில். அம்மாவின் முழங்கால் வலிக்கு. "எனக்கு என்னடா, நான்தான் நல்லாயிருக்கேனே" என்றார். அவருக்கும் இருப்பது ஒரே சிறுநீரகம்தான். எனக்கு வேண்டாம் என்பது அவருக்கும் வேண்டாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிறுநீரகம் கொடுத்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். கொடுப்பவர் பெரும்பாலும் அம்மாவாகவோ மனைவியாகவோ இருக்கிறார், தானாகக் கேட்க மாட்டார். அம்மாவுக்கு அன்றைக்குப் பார்த்ததில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, சிறுநீரில் புரதம் இல்லை. முழங்காலுக்கு இப்போது உடற்பயிற்சியும், தேவைப்பட்டால் பாரசிட்டமாலும். நான் ரத்தம் கொடுக்கப் போகும் ஜூலை மாதத்திலேயே அம்மாவையும் கூட்டிப் போகிறேன். வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் "மாத்திரை போட்டுட்டியாப்பா?" என்று முதலில் கேட்பது இப்போது அவர்தான்.