காட்சி எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

நண்பர் ஒருவர் தன் இளமைக்காலத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்தார். அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியைத் திருப்புவதற்காக, சேர்த்துவைத்த பணத்தோடு அடகுக்கடைக்குப் போகிறார். காலையில் எழுந்தது, குளித்தது, பஸ்ஸில் இடம் கிடைக்காதது, வழியில் பிடித்துக்கொண்ட மழை என்று இரண்டரைப் பக்கம். கடைக்குள் நுழைந்த பிறகு நான்கே வரி. கடைக்காரர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, போன பங்குனியிலேயே அப்பா வந்து, சீட்டு தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துச் சங்கிலியை வாங்கிப் போய்விட்டார் என்கிறார். நண்பர் அதிர்ந்துபோய் வெளியே வருகிறார். அத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

படித்துவிட்டு எனக்கு மனசு ஆறவில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த சீட்டு மகன் கையில் இருக்கிறது. அது தொலைந்தது என்று அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு குடும்பமே அந்தப் பேரேட்டின் முன்னால் உடைகிறது. அதற்கு நான்கு வரி, பஸ்ஸுக்கு ஒரு பக்கம்!

நாவலோ தன்வரலாறோ, புதிதாக எழுத வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். நடந்த வரிசையிலேயே, நடந்த அளவிலேயே எழுதிவிடுவது. நாள் காலையில் தொடங்கியது என்பதற்காகக் காட்சியும் காலையில் தொடங்க வேண்டியதில்லை. கடையின் கம்பிக்கு இந்தப் பக்கம் அவர் நிற்கும்போதே ஆரம்பிக்கலாம். மழை முக்கியம் என்றால் நனைந்த சட்டைப்பையிலிருந்து சீட்டைப் பதமாகப் பிரித்து எடுக்கிறாரே, அதில் மழை வந்துவிடும். கடைக்காரர் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறார், ஒரு வரியில் விரல் நிற்கிறது, நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்க்கிறார், மறுபடி பேரேட்டைப் பார்க்கிறார். நிறுத்தி எழுத வேண்டிய இடம் அது. உண்மையில் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். ஒரு பக்கம் எழுதினாலும் தகும்.

எது காட்சி, எது ஒரு வரியில் சொல்லிக் கடக்க வேண்டியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே போகும்போது இருந்த ஆளும் வெளியே வரும்போது இருக்கும் ஆளும் ஒன்றேதானா என்று நான் பார்ப்பேன். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலில் ஒரு சந்திப்பு வருகிறது. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் ஐயர். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரித் தமிழாசிரியர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவர் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று வருகிறது அடுத்த கேள்வி. இல்லை. நிறையப் படித்தவராக உள்ளே போனவர், தான் படிக்காதது எவ்வளவு என்று தெரிந்து வெளியே வருகிறார். 1887-இல் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு வித்து அந்தப் பேச்சு. அதை எழுதும்போது அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. 1940-இல்தான் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. அப்படியும் அந்தச் சந்திப்பைச் சுருக்கிச் சொல்லாமல், கேள்வியும் பதிலுமாகக் கண்முன் நடத்திக் காட்டுகிறார்.

அதற்காக எல்லாவற்றையும் காட்சியாக்கிவிடக் கூடாது. ‘அடுத்த இரண்டு வருடம் அவன் ஊருக்கே வரவில்லை’ என்ற ஒரு வரி சில இடங்களில் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

இடத்தை வர்ணிப்பதிலும் சறுக்குகிறோம். அறைக்குள் நுழைந்ததும் நாற்காலி, காலண்டர், ஜன்னல், மின்விசிறி என்று கணக்கெடுப்பது போல் எழுதிவிடுகிறோம். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்துக்குரியவை கருப்பொருள், மனிதரின் உணர்வு உரிப்பொருள் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. முதலைவிடக் கரு சிறந்தது, கருவைவிட உரி சிறந்தது என்று உரைகாரர்கள் விளக்கம் சொல்கிறார்கள். சங்கக் கவிதைக்குச் சொன்னதுதான், ஆனால் இன்றைய காட்சிக்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை. அடகுக்கடையில் பத்துப் பொருள் இருக்கலாம். மகன் கண்ணில் படுவது தராசு மட்டும்தான் என்றால் தராசை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் உறவுக்காரர்கள். கல்யாண வீட்டுக் காட்சி என்றால் பெரியப்பா, சின்ன அத்தை, மாமா, மதினி என்று முதல் பத்தியிலேயே பத்துப் பேர் வந்து நிற்பார்கள். எழுதுகிறவருக்கு எல்லோரும் பழகிய முகம். வாசகருக்கு ஒருவரையும் தெரியாது. காட்சிக்கு இரண்டு மூன்று பேர் போதும். மற்றவர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கட்டும். உறவைப் புரியவைக்கிறேன் என்று ‘உன் அண்ணன், போன வருஷம் துபாய் போனானே, அவன் நேத்து பேசினான்’ என்று அம்மாவைப் பேச வைக்காதீர்கள். எந்த அம்மாவும் மகளிடம் அப்படிப் பேசமாட்டாள். ‘அண்ணன் பேசினான். அங்க இப்பவே வெயில் தாங்கலையாம்’ என்றால் போதும்.

தன்வரலாற்றுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எழுதுகிறவருக்கு அறுபது வயது, காட்சியில் இருப்பவருக்கு இருபத்திரண்டு. ‘அப்பாவின் வலி அன்று எனக்குப் புரியவில்லை’ என்று கடைக்குள்ளேயே எழுதினால் அறுபது வயதுக்காரர் உள்ளே வந்து இளைஞனை ஓரமாகத் தள்ளிவிடுகிறார். புரியாதவன் புரியாமலேயே நிற்கட்டும். பின்னால் வந்த தெளிவுக்குத் தனி இடம் கொடுக்கலாம்.

முடிவைப் பற்றி நண்பரோடு நிறைய நேரம் பேசினேன். திருத்திய பிரதியில் கடைக் காட்சி மூன்று பக்கமாகியிருந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் பஸ் நிலையத்தில் அழுததும், பணத்தைப் பற்றி ஒரு பத்தியும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அழ வேண்டியது வாசகர்; அவருக்கு முன்னால் நாம் அழுதுவிட்டால் அவருக்கு வேலை இல்லை. வேறு எங்கே முடிப்பது என்று கேட்டார். கடையிலிருந்து கிளம்பும்போது கடைக்காரர் எதுவும் சொல்லவில்லையா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்தச் சீட்டு இனி எதுக்கு தம்பி, இங்க குடுத்துடுங்கன்னாரு. நான் குடுக்கலை. மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டேன்” என்றார்.

பிரதியில் அது இல்லவே இல்லை. இப்போது காட்சி அந்த இடத்தில் நிற்கிறது. அடுத்தது வீட்டில் தொடங்குகிறது, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.