நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளை நிர்வகிப்பது எப்படி? ஜாபிக்ஸில் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

நெட்வொர்க் கண்காணிப்பு பற்றிய பல வழிகாட்டிகள் மென்பொருளை நிறுவி முடித்ததும் நின்றுவிடும். உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் சேர்த்து, மென்பொருளோடு வரும் டெம்ப்ளேட்டுகளை (எதை அளப்பது, எப்போது எச்சரிப்பது என்ற தயார்த் தொகுப்புகளை) எல்லாம் அப்படியே பொருத்தினால் முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் அலர்ட் மெயில் வந்து குவியும். இரண்டாவது வாரம் யாராவது அவற்றைத் தனி ஃபோல்டருக்கு ஒதுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு நிஜமாகவே ஒரு ரவுட்டர் விழுந்தால் பயனர் போன் செய்துதான் தெரியவரும். அதனால் இங்கே மெதுவாகவே போகப்போகிறோம்: முதலில் பிங் (கருவி பதில் தருகிறதா என்ற சோதனை), அப்புறம் எஸ்என்எம்பி (கருவியின் உள்நிலையைக் கேட்கும் நெறிமுறை), கடைசியில் மிகக் கொஞ்சம் அலர்ட்.

தொடங்கும் முன் ஒரு பட்டியல்

எந்த மென்பொருளையும் தொடுவதற்கு முன் ஒரு அட்டவணை போடுங்கள். கருவியின் பெயர், ஐபி முகவரி, எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு. இவற்றோடு, பலர் விட்டுவிடும் ஒன்றையும் சேருங்கள்: இந்தக் கருவியை அடைய எந்தக் கருவியைத் தாண்டிப் போக வேண்டும்? அட்டவணையின் இந்தக் கடைசி நெடுவரிசைதான் பின்னால் அலர்ட் அமைக்கும்போது உங்களைக் காப்பாற்றும்.

எந்த மென்பொருள்?

இதில் ரொம்ப நாள் செலவழிக்க வேண்டாம். 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வந்த நாகியோஸ் இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. ஸ்விட்ச், ரவுட்டர் மட்டும்தான் உங்கள் உலகம் என்றால், 2013-இல் அப்சர்வியத்திலிருந்து பிரிந்து வந்த லிப்ரேஎன்எம்எஸ் மிகச் சுலபம். கன்டெய்னர்களும் மென்பொருள் சேவைகளும் அதிகம் என்றால் பிரோமீதியஸ். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஜாபிக்ஸ். 2001 முதல் பொதுவெளியில் கிடைக்கும் திறமூல மென்பொருள் இது. தகவல் சேகரிப்பு, வரைபடம், அலர்ட், பயனர் உரிமை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் நிர்வாகம் பழக வசதியானது. இதில் கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி மற்ற மென்பொருள்களுக்கும் செல்லும்.

படி 1: நிறுவுதல்

பழகுவதற்கு இரண்டு கோர், 4 ஜிபி ரேம் கொண்ட ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி தாராளம். ஜாபிக்ஸின் அதிகாரபூர்வ தளத்தில் பதிப்பு, இயக்க முறைமை, டேட்டாபேஸ், வெப் சர்வர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய கட்டளைகளை வரிசையாகத் தரும். அவற்றை அப்படியே பின்பற்றுங்கள். பதிப்பைத் தேர்வு செய்யும்போது நீண்டகால ஆதரவுப் பதிப்பை (எல்டிஎஸ்) எடுங்கள்.

நீங்கள் நிறுவுவது நான்கு துண்டுகள்: தகவலைச் சேகரிக்கும் சர்வர், அதைச் சேமிக்கும் டேட்டாபேஸ், பார்ப்பதற்கான வலைப்பக்கம், கணினிகளுக்குள் உட்கார்ந்து தகவல் தரும் ஏஜென்ட். எது கோளாறானாலும் இந்த நான்கில் எது என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி நேரம் மிச்சம். ஃபயர்வாலில் ஏஜென்டுக்கு 10050, சர்வருக்கு 10051, எஸ்என்எம்பி கேள்விகளுக்கு யுடிபி 161, கருவிகள் தாமாக அனுப்பும் ட்ராப் செய்திகளுக்கு யுடிபி 162. இந்த நான்கு போர்ட் எண்களும் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும்.

முதல்முறை நுழையும்போது பயனர் பெயர் அட்மின் (முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து), பாஸ்வேர்டு ஜாபிக்ஸ் (எல்லாம் சிறிய எழுத்து). இது உலகத்துக்கே தெரியும் என்பதால் உடனே மாற்றிவிடுங்கள். சர்வரின் நேர மண்டலத்தைச் சரியாக வைத்து, என்டிபி (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் நெறிமுறை) மூலம் கடிகாரத்தை ஒத்திசையுங்கள். ஒரு கோளாறை ஆராயும்போது கருவியின் பதிவு ஒரு நேரமும் கண்காணிப்பு இன்னொரு நேரமும் காட்டினால் எது முதலில் நடந்தது என்றே சொல்ல முடியாது.

படி 2: பிங் மட்டும்

ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் ஒரு கருவிக்கு ஜாபிக்ஸில் பெயர்) ஒன்றை உருவாக்குங்கள். பெயர், குழு, ஐபி முகவரி கொடுத்து, ஐசிஎம்பி பிங் என்ற டெம்ப்ளேட்டை மட்டும் இணையுங்கள். பட்டியலில் உள்ள எல்லாக் கருவிகளையும் இப்படியே சேருங்கள். மதிப்பு வராமல் 'ஆதரிக்கப்படவில்லை' என்று காட்டினால் சர்வரில் எஃப்பிங் என்ற நிரல் இருக்கிறதா, அதற்கு உரிய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஜாபிக்ஸ் தானே பிங் செய்வதில்லை, அந்த நிரலிடம்தான் வேலையைக் கொடுக்கிறது.

இந்த டெம்ப்ளேட் மூன்று விஷயங்களை அளக்கும்: பதில் வருகிறதா, எத்தனை சதவீதப் பாக்கெட் தொலைகிறது, பதில் வர எவ்வளவு நேரம். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லை என்றால்தான் 'கருவி கிடைக்கவில்லை' என்று சொல்லும். 5 நிமிடத்தில் இழப்பு 20 சதவீதத்தைத் தாண்டினாலோ, பதில் நேரம் சராசரியாக 0.15 வினாடியைத் தாண்டினாலோ எச்சரிக்கும். செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இருக்கும் ஒரு கருவிக்கு 0.15 வினாடி என்பது நடக்காத காரியம். அதற்காக டெம்ப்ளேட்டைத் திருத்தாதீர்கள். அந்த எல்லைகள் மேக்ரோக்களாக (மதிப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய பெயர்களாக) இருக்கின்றன, குறிப்பிட்ட ஹோஸ்டில் மட்டும் அந்த மேக்ரோவின் மதிப்பை மாற்றுங்கள். டெம்ப்ளேட்டிலேயே கை வைத்தால், அதன் புதிய பதிப்பை இறக்குமதி செய்யும் நாளில் உங்கள் மாற்றங்கள் காணாமல் போய்விடும்.

ஒன்றிரண்டு வாரம் இப்படியே ஓடட்டும். யாருக்கும் மெயில் போக வேண்டாம். உங்கள் நெட்வொர்க்கின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அசாதாரணம் எது என்று தீர்மானிக்க முடியும்.

படி 3: எஸ்என்எம்பி

கருவி உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் பிங் சொல்லும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க எஸ்என்எம்பி வேண்டும். 1988-இல் வந்த இந்த நெறிமுறை இன்றும் கிட்டத்தட்ட எல்லா ஸ்விட்ச்களிலும் ரவுட்டர்களிலும் இருக்கிறது. 2சி என்ற பதிப்பில் கம்யூனிட்டி என்ற ஒற்றைச் சொல்தான் பாஸ்வேர்டு, அதுவும் மறைக்கப்படாமல் நெட்வொர்க்கில் பயணிக்கும். மூன்றாம் பதிப்பில் பயனர் பெயர், உறுதிப்பாடு, குறியாக்கம் மூன்றும் உண்டு. கருவி அனுமதித்தால் மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள். 2சி தவிர வழியில்லை என்றால் குறைந்தபட்சம் மூன்று காரியம்: 'பப்ளிக்' என்ற இயல்புச் சொல்லை மாற்றுங்கள், படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், கண்காணிப்பு சர்வரின் ஐபியிலிருந்து மட்டும் கேட்கலாம் என்று கட்டுப்படுத்துங்கள்.

இனி முக்கியமான பழக்கம். ஜாபிக்ஸில் சேர்ப்பதற்கு முன் அதே சர்வரின் டெர்மினலில் இருந்து எஸ்என்எம்பிவாக் கட்டளையால் 1.3.6.1.2.1.1 என்ற கிளையை (எஸ்என்எம்பி தகவல்கள் மரம்போல எண்களால் அடுக்கப்பட்டவை) கேட்டுப் பாருங்கள். கருவியின் விவரம், பெயர், இருப்பிடம் எல்லாம் வரிசையாக வந்தால் வழி சரி. எதுவும் வராமல் 'டைம்அவுட்' என்று வந்தால்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 2சி பதிப்பில் கம்யூனிட்டி தவறாக இருந்தால் கருவி 'தவறு' என்று சொல்லாது, மௌனமாக இருந்துவிடும். ஃபயர்வால் தடுத்தாலும் மௌனம், அனுமதிப் பட்டியலில் உங்கள் ஐபி இல்லாவிட்டாலும் மௌனம். மூன்றுக்கும் ஒரே அறிகுறி. கருவிக்கு அருகில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து கேட்டுப் பாருங்கள், பாக்கெட்டுகளைப் பார்க்க உதவும் டிசிபிடம்ப் கட்டளையை வைத்து 161-ஆம் போர்ட்டில் பாக்கெட் போகிறதா, திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மூன்றாம் பதிப்பில் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்றால் பெரும்பாலும் அதைக் குறிப்பிட்டே பிழைச் செய்தி வரும். அமைக்கச் சற்று அதிக வேலை, ஆனால் கோளாறு கண்டுபிடிக்க இதுவே எளிது.

பதில் வந்தாயிற்றா? சரி, இப்போது ஹோஸ்டில் எஸ்என்எம்பி இடைமுகம் சேர்த்து, உங்கள் கருவிக்கான டெம்ப்ளேட்டை இணையுங்கள். பொருத்தமானது இல்லை என்றால் பொதுவான நெட்வொர்க் கருவி டெம்ப்ளேட் போதும். அது போர்ட்களைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

எண்களைப் படிக்கும்போது இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, போர்ட்டின் போக்குவரத்து கவுன்ட்டர். அது வேகம் அல்ல, இதுவரை போன மொத்த பைட்டுகள். இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை நேரத்தால் வகுத்து, 8-ஆல் பெருக்கினால்தான் ஒரு வினாடிக்கு எத்தனை பிட் என்று கிடைக்கும். பழைய கவுன்ட்டர் 32 பிட் மட்டுமே. 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 34 வினாடியில் அது நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நீங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் வரைபடம் காட்டுவது கற்பனை எண். அதனால் நீங்களே ஐட்டம் (ஜாபிக்ஸ் சேகரிக்கும் ஓர் அளவீடு) உருவாக்கினால் 64 பிட் கவுன்ட்டரையே எடுங்கள், 1.3.6.1.2.1.31 என்ற கிளையில் இருக்கிறது.

இரண்டாவது, கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் எண். ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்காக எண்ணும் இதுவும் 32 பிட்தான், சுமார் 497 நாளில் சுழன்றுவிடும். இந்த எண்ணை மட்டும் நம்பும் விதி, ஒன்றரை வருடம் அசையாமல் நிற்கும் ஒரு நல்ல ஸ்விட்ச்சைப் பார்த்து 'இப்போதுதான் ரீஸ்டார்ட் ஆனது' என்று சொல்லும்.

படி 4: வேண்டாததை வடிகட்டுதல்

48 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போர்ட்டுக்கு 9 ஐட்டம் என்றால் 432. எல்லாவற்றையும் நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்தால் ஒரு நாளைக்கு 6,22,080 வரிகள் டேட்டாபேஸுக்குப் போகும். ஒரு மதிப்புக்குச் சுமார் 90 பைட் என்று கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 56 எம்பி. ஸ்விட்ச் ஒன்றுதான் என்றால் ஒன்றும் இல்லை, நூறு ஸ்விட்ச் என்றால் யோசிக்க வேண்டும். துல்லியமான வரலாற்றைச் சில வாரம் மட்டும் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை குறைந்தது, அதிகம், சராசரி ஆகியவற்றைச் சுருக்கி வைக்கும் ட்ரெண்டை ஒரு வருடம் வைத்திருங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை அலர்ட். பயனரின் கணினி செருகியிருக்கும் போர்ட் தினமும் மாலை அணையும், காலை எழும். அதற்கு 'இணைப்பு துண்டிப்பு' அலர்ட் எதற்கு? ஐஎஃப்கன்ட்ரோல் என்ற மேக்ரோவை ஹோஸ்டில் 0 ஆக்கிவிட்டு, மற்ற ஸ்விட்ச்களோடும் சர்வர்களோடும் இணையும் போர்ட்களுக்கு மட்டும் 1 கொடுங்கள். ஸ்விட்ச்சிலேயே போர்ட்களுக்கு விளக்கம் எழுதி வைத்தால் அது ஜாபிக்ஸிலும் பெயரோடு வரும். இரவு இரண்டு மணிக்கு 'போர்ட் 23' என்று பார்ப்பதைவிட 'கிடங்கு ஸ்விட்ச்சுக்குப் போகும் ஃபைபர்' என்று பார்ப்பது எவ்வளவோ மேல்.

படி 5: அலர்ட்

ஒவ்வொரு ட்ரிகருக்கும் (எப்போது அலர்ட் எழ வேண்டும் என்ற விதி) ஒரே கேள்வி கேளுங்கள்: இது வந்தால், பெறுபவர் என்ன செய்வார்? பதில் 'ஒன்றும் செய்ய மாட்டார்' என்றால் அது டாஷ்போர்டில் இருக்கட்டும், மெயிலில் வேண்டாம். ஜாபிக்ஸில் ஆறு தீவிர நிலைகள் இருக்கின்றன. தொடக்கத்தில் மேல் இரண்டு நிலைகளுக்கு மட்டும் செய்தி போகட்டும்.

எல்லைக்கோட்டில் ஆடும் அளவீடு இன்னொரு தலைவலி. சிபியு 90 சதவீதம் என்று ஒரே கோடு போட்டால், 89-க்கும் 91-க்கும் இடையில் ஊசலாடும்போது அலர்ட்டும் மீட்புச் செய்தியும் மாறி மாறி வரும். கடைசி மதிப்பைப் பார்க்காமல், 10 நிமிடத்தின் குறைந்தபட்ச மதிப்பே 90-ஐத் தாண்டினால் மட்டும் எழுப்புங்கள். மீட்பு விதியைத் தனியாக 80 என்று வையுங்கள்.

இப்போது தொடக்கத்தில் போட்ட பட்டியலின் கடைசி நெடுவரிசையை எடுங்கள். ஒரு கிளை அலுவலக ரவுட்டர் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் இருபது கருவிகளும் விழுந்ததாகத் தோன்றும். யாருக்குப் பின்னால் யார் என்று ஜாபிக்ஸுக்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு பின்கருவியின் ட்ரிகரும் ரவுட்டரின் ட்ரிகரைச் சார்ந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம்: சோதனைகள் எல்லாம் ஒரே நொடியில் நடப்பதில்லை, ஆகவே ரவுட்டருக்கு முன்பே பின்கருவியின் அலர்ட் எழலாம். ஆக்ஷனில் (ட்ரிகர் எழுந்தால் என்ன செய்வது என்ற அமைப்பில்) முதல் கட்டத்தைக் காலியாக விட்டு, சில நிமிடம் கழித்து இரண்டாம் கட்டத்தில் செய்தி அனுப்பச் சொன்னால், அதற்குள் ரவுட்டரின் ட்ரிகர் எழுந்து மற்றதை அடக்கிவிடும்.

மெயில் அமைப்பைச் சரிபார்க்க மீடியா வகை (செய்தி அனுப்பும் வழி) பக்கத்திலேயே சோதனைப் பொத்தான் உண்டு. சோதனை மெயில் வருகிறது, ஆனால் நிஜ அலர்ட் வரவில்லையா? முதலில் பார்க்க வேண்டியது உரிமை. அந்தப் பயனருக்கு அந்த ஹோஸ்ட் குழுவைப் படிக்கும் அனுமதி இல்லாவிட்டால் ஜாபிக்ஸ் அவருக்குச் செய்தி அனுப்பாது. அடுத்தது அவருடைய மீடியாவில் உள்ள நேர வரம்பும் தீவிர நிலை வடிகட்டியும்.

திட்டமிட்ட பராமரிப்புக்கு முன் மெயின்டனன்ஸ் காலம் (அலர்ட்டை அடக்கி வைக்கும் நேரம்) போடப் பழகுங்கள். தகவல் சேகரிப்புடன், சேகரிப்பு இல்லாமல் என்று இரண்டு வகை. பெரும்பாலும் முதல் வகையே நல்லது, வேலை முடிந்த பிறகு என்ன நடந்தது என்று வரைபடத்தில் பார்க்கலாம்.

படி 6: கண்காணிப்பவரைக் கண்காணித்தல்

ஜாபிக்ஸ் சர்வரே விழுந்தால் அலர்ட் எதுவும் வராது, எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும். வேறொரு கணினியிலிருந்து, முடிந்தால் வேறொரு இணைப்பிலிருந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வலைப்பக்கத்தைச் சோதித்துத் தனி வழியில் மெயில் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும்.

அட்மின் கணக்கைப் பகிராதீர்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, பார்ப்பவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும். யார் எந்த ட்ரிகரை நிறுத்தினார் என்று தணிக்கைப் பதிவில் தெரிய வேண்டும் அல்லவா?

டேட்டாபேஸைத் தினமும் பேக்கப் எடுங்கள். பெரிய வரலாற்று அட்டவணைகளைத் தவிர்த்துவிட்டு அமைப்புகளை மட்டும் எடுத்தால் கோப்பு சின்னதாக இருக்கும், புதிய சர்வரில் மீண்டும் எழ அதுவே போதும். புதிய பெரும் பதிப்புக்கு மாறும்போது சர்வர் முதல்முறை தொடங்கும்போதே டேட்டாபேஸின் அமைப்பை மாற்றிவிடும். பழைய பதிப்புக்குத் திரும்ப இருக்கும் ஒரே வழி அந்தப் பேக்கப்தான். ஆகவே முதலில் பேக்கப்பை ஒரு சோதனைக் கணினியில் ஏற்றி, மேம்படுத்தலை அங்கே ஓட்டி, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதன்பிறகு உண்மையான சர்வரைத் தொடுங்கள்.