வைண்டிங்குக்குள் காற்றை விட்டுவைக்காதீர்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் என் பட்டறையில் மோட்டர் வைண்டிங், அதாவது மோட்டருக்குச் செப்புக் கம்பி சுற்றும் வேலை, பழகும் பொடியன்களில் இரண்டு பேர் விமான மின்பாகங்கள் திருத்தும் வேலைக்கு வெளிநாடு போக ஆயத்தமாகிறார்கள். அந்த வேலையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். போன கிழமை அவர்களில் ஒருவன் ஒரு ஸ்டேட்டரை (கம்பி சுற்றிய, மோட்டரின் சுழலாத பாகம்) வார்னிஷிலிருந்து தூக்கி, சொட்டச் சொட்டப் போறணைக்குள் நிமிர்த்தி வைத்தான். காய்ந்ததும், மின்காப்பைச் சோதிக்கும் மெகர் மீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்ஃபினிட்டி காட்டுது அண்ணா, வேலை முடிஞ்சுது" என்றான். இருபது வருடத்துக்கு முன் நான் சொன்னதும் இதே வார்த்தைதான். அவன் சுற்றியது வீட்டுக் கிணற்றுப் பம்பின் மோட்டர், 230 வோல்ட்; ஓடும். ஆனால் அவன் போகப்போகும் இடத்தில் அந்தப் பழக்கம் ஓடாது.

கம்பியை உரசிவிடுவது, சிலீவ் போட மறப்பது, கம்பி படுக்கும் பள்ளத்துக்குள் வைக்கும் ஸ்லொட் பேப்பரைக் குறுக்காக வெட்டுவது பற்றி எழுதவில்லை. முதல் மாதம் நாலு திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

மெகரை நம்பி வேலையை முடிப்பது

கம்பியிலிருந்து இரும்புக் கூட்டுக்கு எவ்வளவு கரண்ட் கசிகிறது என்பதைத்தான் மெகர் சொல்லும். ஒரே சுருளில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. வார்னிஷ் போகாத இடத்தில் காற்று நின்றால் அதையும் காட்டாது. ஏனென்றால் உலர்ந்த காற்றும் நல்ல காவலிதான், ஒரு வோல்ட்டேஜ் வரைக்கும்.

அந்த எல்லையைத் தாண்டினால்தான் சிக்கல். கம்பியின் மேல்பூச்சான எனாமலும், இடைவெளியை நிரப்பும் வார்னிஷ் அல்லது பிசினும் சூழ்ந்த சின்னக் காற்றுக் குமிழியில் மின்புலம் திண்மப் பொருளில் இருப்பதைவிட மூன்று நான்கு மடங்கு கூடும். முதலில் உடைவது காற்று, அதாவது மின்சாரத்தைத் தடுக்க முடியாமல் விட்டுவிடுவது. குமிழிக்குள் மட்டும் பொறி தட்டும். மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இதைத்தான் பகுதி மின்னிறக்கம் என்கிறோம். ஒவ்வொரு பொறியும் எனாமலில் ஒரு துளியை அரிக்கும், ஓசோனையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் உண்டாக்கும். ஈரம் இருந்தால் அமிலமும் சேரும். கறையான் கூரை வளையைத் தின்கிற மாதிரி, வெளியில் ஒன்றும் தெரியாது.

விமானத்தில் இது ஏன் மோசம்? காற்று எந்த வோல்ட்டேஜில் உடையும் என்பது அமுக்கத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. பாஷன் என்ற இயற்பியலாளர் 1889இல் சொன்ன விதி இது. கடல் மட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் காற்று ஏறக்குறைய 900 முதல் 1,000 வோல்ட் தாங்கும். 40,000 அடியில் அமுக்கம் தரையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அங்கே அதே இடைவெளி அதில் பாதிகூடத் தாங்காது. வைண்டிங் சூடாக இருந்தால் காற்று இன்னும் ஐதாகும். ஆகக் குறைந்த எல்லை 327 வோல்ட் அளவு. மின்னழுத்த உச்சம் அதற்குக் கீழே நின்றால் காற்று எந்த அமுக்கத்திலும் உடையாது. அதற்கு மேலே போகும் மோட்டரில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு குமிழியும் கணக்கில் வரும்.

நான் வேலை செய்த வெளிநாட்டுப் பட்டறையில் ஒரு சோதனை மோட்டருக்கு நான்தான் ஸ்டேட்டர் சுற்றினேன். 540 வோல்ட் டீசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டரால் ஓடுவது. கம்பி வரிசை பிசகவில்லை. வெற்றிடத் தொட்டியில் வைத்துக் காற்றை இழுத்து, பிசினை விட்டு, அமுக்கம் கொடுத்தோம். அடுத்த வேலை வரிசையில் நின்றதால் வெற்றிட நேரத்தில் பாதியை வெட்டினேன். பிறகு போறணையில் ஸ்டேட்டரைச் சுழலவிடும் பொறி பழுதாக இருந்தது. 'ஒரு தரம்தானே' என்று நிமிர்த்தி வைத்துவிட்டேன். சூடு ஏறும்போது பிசின் முதலில் தண்ணீராக இளகும், பிறகுதான் இறுகும். இளகிய அந்த நேரத்தில் மேல்பக்கத்திலிருந்து வழிந்து கீழே இறங்கிவிட்டது.

மெகர் அருமை. உயர் வோல்ட்டேஜ் சோதனையும் தேறியது. பிறகு அமுக்கத்தைக் குறைக்கும் அறைக்குள் வைத்தார்கள். விளக்கை அணைத்து, வோல்ட்டேஜை மெல்ல ஏற்றிக்கொண்டே கண்ணாடியூடாகப் பார்த்தோம். மேல்பக்கச் சுற்று முனையில், இரண்டு பேஸ் கம்பிகள் குறுக்கிடும் இடத்தில், ஊதா நிறத்தில் நூல் அளவு வெளிச்சம் நின்றது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. மீட்டரில் மட்டும் மின்னிறக்கத் துடிப்புகள் குவிந்தன.

பிசின் இறுகிய வைண்டிங்கைப் பிரிக்க முடியாது. வெட்டி, சுட்டு, இழுத்துத்தான் எடுக்க வேண்டும். வெட்டியபோது கீழ்முனை கண்ணாடி போல இருந்தது. மேல்முனையில் கம்பிகள் உலர்ந்து, விரலால் தள்ளினால் அசைந்தன. குறுக்கிடும் இடத்தில் அரிசி மா தூவியது போல வெள்ளைப் பொடி. ஒரு நாள் சோதனையிலேயே அவ்வளவு. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அறியாமல் செய்ததல்ல, அறிந்து அவசரப்பட்டது.

ஊருக்கு வந்த பிறகும் அதே பொடியைக் கண்டேன். சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் ஒரே மோட்டர் மூன்று தரம் எரிந்திருந்தது. இன்வெர்ட்டர் ஒரு மூலையில், மோட்டர் மறு மூலையில், நடுவே நீண்ட கேபிள். இன்வெர்ட்டரின் கூர்மையான துடிப்பு கேபிள் முடிவில் மோதித் திரும்பும்போது வோல்ட்டேஜ் இரட்டிப்பை நெருங்கும். கடல் மட்டத்திலேயே இப்படி என்றால் மேலே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் பொடியன்களிடம் கறாராகச் சொல்வது இதுதான். முதலில் சூடாக்கி ஈரத்தை விரட்டு. மாரியில் வாவிக் காற்று பேப்பருக்குள் ஊறிக் கிடக்கும். குமிழி நின்ற பிறகும் வெற்றிடத்தைப் பிடித்து வை. பிசின் இறுகும் வரை சுழற்று. சுழற்றும் பொறி பழுதென்றால் வேலையை நிறுத்து. "மறுகா பார்ப்பம்" என்று விட்ட இடத்துக்கு மறுபடி போக வழியில்லை.

115 வோல்ட் காலத்துக் கணக்கில் நிற்பது

பழைய விமானங்களில் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். அதன் உச்சம் 163 வோல்ட் அளவு, பாஷன் எல்லைக்கு நன்றாகக் கீழே. அந்தக் காலத்து மூத்தவர்கள் மின்னிறக்கத்தைப் பற்றிக் கவலைப்படாததற்கு அதுவே காரணம், அவர்கள் பிழையில்லை. போயிங் 787இல் 230 வோல்ட் ஏசியும் ±270 வோல்ட் டீசியும் வந்துவிட்டன. இரண்டு கம்பிகளுக்கு நடுவே 540. இன்வெர்ட்டரின் துள்ளலையும் அதில் கூட்டுங்கள்.

முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பக்கத்தில் படுப்பது

கையால் அள்ளிப் போடும் வைண்டிங்கில் இது நடந்தே தீரும். துடிப்பு வரும் கணத்தில் பெரும் பங்கை வாங்குவது மின்சாரம் உள்ளே வரும் லைன் பக்கத்து முதல் சுருள்தான். அதற்குள் முதல் கம்பியும் கடைசிக் கம்பியும் ஒட்டிக் கிடந்தால், அந்தச் சுருளின் முழு வோல்ட்டேஜும் இரண்டு எனாமல் தோலுக்கு நடுவே. அடுக்கிப் போடுங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

வெப்ப வகுப்பைப் பார்த்துக் கம்பி வாங்குவது

பொலியிமைட் எனாமல் 200 பாகைக்கு மேலும் தாங்கும். ஆனால் மின்னிறக்கம் அதை அரித்துவிடும். வெப்பம் தாங்குவது வேறு, பொறி தாங்குவது வேறு. பொறிக்கு நிற்பது மைக்கா. அல்லது எனாமலுக்குள் கனிமத் துகள் கலந்த கம்பி. அப்படியென்றால் எனாமலைத் தடிப்பாக்கலாமே என்று கேட்பார்கள். தடித்தால் ஸ்லொட்டில் செப்புக் குறையும், சூடு வெளியேறாது. விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு.

வெறுங்கை

கையுறை போடுங்கள். வியர்வையில் உப்பு.

தொடங்கும் வோல்ட்டேஜை மட்டும் குறிப்பது

மின்னிறக்கம் தொடங்கும் வோல்ட்டேஜ் ஒன்று, அணையும் வோல்ட்டேஜ் இன்னொன்று, அணைவது கீழே. ஒரு கணத் துள்ளலில் தொடங்கிவிட்டால், ஓடும் வோல்ட்டேஜ் அணையும் எல்லைக்கு மேலே இருக்கும் வரை அது எரிந்துகொண்டே இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். பறக்கும் உயரத்தின் அமுக்கத்தில், வைண்டிங் சூடாக இருக்கும்போது எழுதுங்கள். தரையில், குளிர்ந்த ஸ்டேட்டரில் எடுத்த இலக்கத்தை நான் கையெழுத்து வைத்து வாங்கமாட்டேன்.

அந்தப் பொடியனுக்கு நேற்று ஒரு பழைய ஸ்டேட்டரையும் வாளையும் கொடுத்தேன். முனையைக் குறுக்காக அறுத்து, எத்தனை இடத்தில் காற்று நிற்கிறது என்று எண்ணச் சொல்லியிருக்கிறேன்.