மலை இறங்கத் தெரிந்த வண்டி

சனிக்கிழமை காலையில் குஞ்சப்பனை டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இருபது பைக்காவது மேலே ஏறிப் போகும். புது சைலன்சர், தங்கக் கலர் செயின், பாதி அளவுக்கு வெட்டிய நம்பர் பிளேட். எல்லாம் வேகமாக ஏறுவதற்குச் செய்த செலவு. ஞாயிறு மத்தியானம் அதே பசங்கள் இறங்கும்போது பாருங்கள். ஒருத்தன் மணிக்கட்டை உதறுவான், ஒருத்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான், இன்னொருத்தன் பின் பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றப் போவான். தயவுசெய்து ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும்.

நான் கோத்தகிரிக்காரன். டீ பாக்டரியில் மெயின்டனன்ஸ் பிட்டர். 22 வருஷமாகத் தேயிலையை நசுக்கி வெட்டுகிற சிடிசி ரோலரும் டிரையரும்தான் பொழப்பு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் 2019 மாடல் டாமினார் 400 பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். மாதத்துக்கு மூன்று நான்கு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன், பாதி நாள் வீட்டுக்காரியும் பின்னால் உட்கார்ந்து வருவாள். ரோடு 33 கிலோமீட்டர்தான், ஆனால் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர். ஏறும்போது பாடுபடுவது எஞ்சின் மட்டும். இறங்கும்போது மணிக்கட்டு, முட்டி, பிரேக், முன் டயர் எல்லாமே பாடுபடும். அதனால் என் வண்டியில் எதை மாற்றினாலும் இறக்கத்தை மனதில் வைத்துத்தான் மாற்றினேன். உங்களிடம் வேறு வண்டி இருந்தாலும் இதே வரிசையில் போகலாம், ஸ்பேனர் சைஸ்தான் மாறும்.

முதலில் செய்ததுதான் இருப்பதிலேயே மலிவு: டேங்க்கின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரப்பர் பேடு. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் சரியும். அதைக் கைதான் தாங்குகிறது, மணிக்கட்டு வலி வருவது அங்கேதான். முட்டி டேங்க்கைக் கவ்விப் பிடித்தால் கை சும்மா இருக்கும். வழுக்குகிற பெயின்ட்டில், அதுவும் மழைக்கோட்டு பேன்ட் போட்டுக்கொண்டு, எப்படிக் கவ்வுவது? வண்டியில் உட்கார்ந்து, கால் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கும்போது முட்டி எங்கே படுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, அந்த இடத்தில் ஒட்டுங்கள். அழகுக்கு நடுவில் ஒட்டினால் பிரயோஜனமில்லை. வெயில் காய்கிற நாளில், ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டவும். ஜூலை ஈரத்தில் ஒட்டியது இரண்டே வாரத்தில் உரிந்து வந்தது.

அடுத்தது சீட். இதில் நான் இரண்டு முறை பணம் கட்டினேன்.

முதல் முறை கீழே ஒரு கடையில் கொடுத்தேன். ஜெல் வைத்து, நடுவில் வைரம் வைரமாகத் தையல் போட்டு, பார்க்க சோபா மாதிரி கொடுத்தார்கள். கோத்தகிரியில் ஒரே ஒரு மழை. தையல் ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறங்கி, உள்ளே ஃபோம் நனைந்து, நாலு நாள் வெயில் அடித்த பிறகும் உட்கார்ந்தால் ஈரம் மேலே வந்தது. பாக்டரியில் ஈர பேன்ட்டோடு ஷிப்ட் பார்த்ததை இன்னும் கிண்டல் பண்ணுகிறார்கள். இரண்டாவது முறை எங்கள் ஊரில் ஜீப்புக்கு சீட் தைக்கிற பெரியவரிடம் போனேன். அவர் மேலுறையைக் கழற்றி, ஃபோமை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பஞ்சு குத்தமில்ல தம்பி, சரிவுதான் குத்தம்"னு சொன்னார். இறக்கத்தில் சீட்டின் சரிவும் ரோட்டின் சரிவும் சேர்ந்து ஆளை டேங்க்கை நோக்கித் தள்ளுகிறது. ஹேக்ஸா பிளேடைக் கையில் பிடித்து, ஆள் உட்காரும் இடத்தில் பின்பக்கம் உயர்ந்திருந்த ஃபோமை ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுத்தார். முன்பக்கம் அதே கனத்துக்கு ரீபாண்டட் ஃபோம் ஒட்டினார். பழைய துண்டு ஃபோமை அழுத்திச் செய்கிற கெட்டி ஃபோம் அது. மேலே அரை இஞ்சுக்கு மிருதுவானது. சீவிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையால் தடவி, மேடு பள்ளம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ரெக்சினைத் தொட்டார். உட்காருகிற இடத்தில் தையலே கிடையாது, பக்கவாட்டில் மட்டும்தான். உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். ஆச்சு நாலு மழைக்காலம், உள்ளே சொட்டு இறங்கவில்லை.

மெத்து மெத்தென்று இருக்கிற சீட் கடை வாசலில் சுகமாக இருக்கும், முக்கால் மணி நேரத்தில் அமுங்கி அடித்தட்டு முட்டும். வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்துங்கள், சுலபமாக அடிவரை போனால் வேண்டாம்.

ஹேண்டிலை உயர்த்த அடியில் வைக்கிற ரைசர் பற்றி ஓர் எச்சரிக்கை. என் உயரம் 5 அடி 5 அங்குலம். 30 மில்லிமீட்டர் ரைசர் போட்டதும் முதுகு நிமிர்ந்தது, சந்தோஷமாக இருந்தது. மறுநாள் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஹேண்டிலை முழுசாக ஒடித்ததும் வண்டி தானாக முன்னே பாய்ந்தது. ஆக்ஸிலேட்டர் கேபிள் நீளம் பத்தாமல், ஹேண்டில் திரும்பும்போது இழுபட்டிருக்கிறது. எதிரில் பஸ் வராதது என் அப்பன் புண்ணியம். ரைசர் போட்டால் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஐட்லிங் சத்தம் ஒரு நூல் ஏறினாலும் கேபிளை வேறு வழியாக எடுக்கணும், இல்லையென்றால் ரைசர் உயரத்தைக் குறைக்கணும். பிரேக் ஹோஸும் கிளட்ச் கேபிளும் விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நான் 20 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டேன்.

விண்ட்ஷீல்டு மலைக்காரனுக்கு வேகத்துக்காக இல்லை, குளிருக்காகத்தான். கண் அதன் வழியாகப் பார்க்கக் கூடாது, அதன் மேல் விளிம்புக்கு இரண்டு விரல் மேலே பார்க்கணும். கண்ணை மறைக்கிற உயரத்தில் வாங்கினால் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும் நேரத்தில் ஹெல்மெட் கண்ணாடி, ஷீல்டு இரண்டிலும் நீர் கோத்து எதுவும் தெரியாது.

இனி உயிர் சமாச்சாரம்: பிரேக். மாற்றம் என்றதும் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கலரில் என்று போகாதீர்கள். 320 மில்லிமீட்டர் முன் டிஸ்க் தாராளம். முதலில் பிரேக் ஆயில். டாட் 4 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கணும் என்பது கணக்கு. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. ஈரம் ஏற ஏற அந்தக் கொதிநிலை 155 பக்கம் வரைக்கும் இறங்கிவிடும். எங்கள் ஊர் மஞ்சில் கேட்கவே வேண்டாம். என் மச்சான் ஒருவன் குன்னூரிலிருந்து இறங்கும்போது பின் பிரேக்கை அமுக்கியபடியே வந்தான். பர்லியாருக்கு மேலே பெடல் அப்படியே அடிவரை போய்விட்டது. உள்ளே ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் அப்படித்தான். கழற்றிப் பார்த்தால் டிகாஷன் நிறம். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும்.

கீழே இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும், நான் மே மாதம் மழைக்கு முன்னால் வருஷா வருஷம் மாற்றுகிறேன். காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் டியூபை மாட்டி, டியூபின் மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டு, லீவரை நாலு தடவை பம்ப் பண்ணிப் பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூடி, பிறகு லீவரை விடணும். குமிழி நிற்கும்வரை திரும்பத் திரும்ப இதேதான். மேலே கப்பில் ஆயில் தீரவிட்டால் காற்று புகுந்து, எல்லாம் முதலிலிருந்து. டேங்க் மேல் ஈரத் துணி போட்டு வையுங்கள், பெயின்ட்டில் சொட்டினால் தின்றுவிடும். லீவர் ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கினால் ஓட்டவே வேண்டாம், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று மாட்டியிருந்தால் ஒர்க்‌ஷாப்தான் வழி. இதற்கப்புறம் காசு மிச்சமிருந்தால் ஸ்டீல் பின்னிய ஹோஸ் போடலாம், விரலுக்கு வித்தியாசம் தெரியும்.

டயருக்கு வருவோம். அளவை மாற்றாதீர்கள். பின்னால் 150/60-17 போட வேண்டிய ரிம்மில் 160 திணித்தால் டயரின் வளைவு கெட்டு, சாயும்போது விறைக்கும். அகலத்தை விட வயசு முக்கியம். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. சமவெளியில் நேராகவே ஓடிய டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிடும். அந்த டயரோடு கொண்டை ஊசியில் சாய்த்தால் விளிம்பில் ஏறி டபக்கென்று விழுகிற மாதிரி இருக்கும். டயரில் ரப்பர் கட்டை மிச்சமிருந்தாலும் மலைக்கு ஆகாது.

காற்றுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். மேலே போனால் காற்றழுத்தம் குறைகிறதே, டயரில் குறைக்கணுமா என்று கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 29 பிஎஸ்ஐ அடித்துவிட்டு ஊட்டி போனால், வெளிக்காற்று மெலிவதால் மீட்டரில் சுமார் 3 ஏறணும். ஆனால் அங்கே 12 டிகிரி குளிர், அது சுமார் 3 இறக்கிவிடும். வண்டி நின்று ஆறிய பிறகு அளந்தால் மறுபடி 29 பக்கம்தான் காட்டும். தொடவே வேண்டாம்.

பின் ஷாக்ஸை யாரும் தொடுவதில்லை, அதன் ஸ்பிரிங்கை இறுக்குகிற கொக்கி ஸ்பேனர் டூல் கிட்டிலேயே தூங்கும். பின்னால் ஆள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பை தொங்கும்போது பின்பக்கம் தணிந்து ஹெட்லைட் மரத்து உச்சியைப் பார்க்கும், முன் டயர் கனமில்லாமல் மிதக்கும். வீட்டுக்காரி வரும் நாளில் இரண்டு நாட்ச் ஏற்றுகிறேன். அளவு வேண்டுமென்றால்: ஸ்டாண்டில் தூக்கிப் பின் சக்கரம் தொங்கும்போது ஆக்ஸிலிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். ஆளும் பையும் ஏறிய பிறகு அதே இடத்தில் மறுபடி அளக்கணும். வித்தியாசம் 30-லிருந்து 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. பைகளில் கனமானதைக் கீழேயும் முன்னாலும் வையுங்கள். டாப் பாக்ஸில் ஸ்வெட்டரும் வர்க்கியும் மட்டும்.

பவர்? ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குக் கிடைக்கும் மூச்சே அவ்வளவுதான். அதற்கேற்ற பெட்ரோலை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் தானே குறைத்துக்கொள்ளும். சைலன்சரை மாற்றினால் இல்லாத காற்று வந்துவிடாது. மே, ஜூன் பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டோரம் நிற்கும். வளைவு திரும்பியதும் எதிரில் அது நிற்கிறபோது உங்கள் சைலன்சர் உறுமுவதை நான் பார்க்க விரும்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தனித்தனியாகப் போகும், ஜெயிலும் உண்டு. டேங்க் கலரை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்றணும்.

நான் செய்த ஒரே எஞ்சின் பக்க வேலை, செயினை ஓட்டுகிற முன் பல்சக்கரத்தில், அதாவது ஸ்பிராக்கெட்டில், ஒரு பல் குறைத்தது. 15 பல் இருந்த இடத்தில் 14 போட்டால் சுமார் 7 சதவீதம் இழுவை கூடும். ஒற்றை சிலிண்டர் வண்டி இரண்டாவது கியரில் கொண்டை ஊசி ஏறும்போது திணறாது. எனக்கு அதைவிடப் பெரிய லாபம், இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினே நன்றாகப் பிடிக்கிறது, பிரேக் ஆறியிருக்கிறது. நஷ்டமும் உண்டு. கீழே சமவெளியில் அன்னூர் ரோட்டில் 5,000 ஆர்பிஎம்மில் போன வேகத்துக்கு இப்போது 5,350 வேண்டும், செயினும் சீக்கிரம் தேயும். தினமும் நெடுஞ்சாலையில் ஓடுபவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

லைட்டில், மஞ்சுக்கு மஞ்சள் வெளிச்சம், ஹெட்லைட்டை விடத் தாழ்வாக, தரையைப் பார்த்து. உயரத்தில் வெள்ளை எல்இடி போட்டால் மஞ்சு வெள்ளைச் சுவராகித் திருப்பி அடிக்கும். தனி ரிலே, தனி ஃபியூஸ், தனி சுவிட்ச். ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி முறுக்குகிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

அழகுக்கு நான் செய்ததெல்லாம் கழற்றியதுதான். ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஹேர் டிரையர் சூட்டில் உரித்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு ஸ்டெயின்லெஸ் போட்டேன், அலுமினியத்தில் கடித்துக்கொள்ளாமலிருக்க மரையில் ஆன்ட்டி சீஸ் கிரீஸ் தடவி.

அப்புறம் பாக்டரிப் பழக்கம் ஒன்று. மாற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரே கோடு. மேட்டுப்பாளையம் இறங்கியதும் டீ சொல்லிவிட்டு, டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்ப்பேன். கோடு விலகியிருந்தால் போல்ட் கழன்றிருக்கிறது. போன மாதம் விலகியிருந்தது இடது பக்கப் பை ஸ்டாண்டின் பின் போல்ட் மட்டும். டீ வருவதற்குள் முறுக்கியாச்சு. 10 நம்பர் ஸ்பேனர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது.