அப்பாவின் காரை உங்கள் பெயருக்கு மாற்றுகிறீர்களா?

வீட்டுக்குள்ளேயே கைமாறினாலும் இலங்கையில், கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அது உரிமை மாற்றம்தான். அப்பா பழைய உரிமையாளருக்கான எம்டிஏ 8 படிவத்திலும் நீங்கள் புதிய உரிமையாளருக்கான எம்டிஏ 6 படிவத்திலும் கையொப்பமிட வேண்டும், கார் கைமாறி 14 நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள்.

பலரும் குழம்புவது பரிசோதனையில். பஸ், லொறிக்குக் கேட்கும் தகுதிச் சான்றிதழ் சொந்தப் பாவனைக் காருக்கு வேண்டாம், ஆனால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அந்தப் புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் முதலில் அந்தப் பரிசோதனையை முடியுங்கள்.

அப்புறம், சேஸி, எஞ்சின் இலக்கங்களைப் பதிவுச் சான்றிதழோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றிவிட்டுப் பதியாமல் விட்டிருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் பெயர் மாற்றம். லீசிங் பாக்கி இருந்தால் கம்பனியின் சம்மதமும் வேண்டும். காப்புறுதியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அப்பாதானே என்று விடாதீர்கள்.